முடிவெடுத்த பிறகு கேட்கப்படும் கருத்து

வாசகர் கேள்வி:

நான் ஒரு கல்லூரியின் கல்விப் புல முதன்மையராகப் பணியாற்றுகிறேன். முதலாண்டுக் கணிதம், இயற்பியல், மொழிப் பாடங்களில் தோல்வியடைவோரும், படிப்பைப் பாதியில் விட்டுச் செல்வோரும் பல ஆண்டுகளாகக் கூடிக்கொண்டே வருகின்றனர். இதனைச் சரிசெய்யும் பொருட்டு, பாடத்திட்டம், கற்பித்தல் முறை, தேர்வு முறை ஆகிய மூன்றையும் அடுத்த கல்வியாண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்று ஆட்சிக் குழு முடிவு செய்து, வெளி ஆலோசகர்களைக் கொண்டு ஒரு வரைவுத் திட்டத்தையும் தயாரித்தது. அதனை ஆசிரியர் கூட்டத்தில் முன்வைத்துக் கருத்துக் கேட்டேன். கூட்டத்தில் எவரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே மூத்த ஆசிரியர்கள் பலர் கையெழுத்திட்ட மறுப்பு மனு வந்தது. கருத்துக் கேட்பு வெறும் கண்துடைப்பு என்பதே அதன் சாரம். பகுதிநேர ஆசிரியர்கள் எதிலும் பட்டுக்கொள்ளவில்லை. மாணவர் பிரதிநிதிகள் வந்திருந்தும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர்களையும் மாணவர்களையும், வேலை அளிப்போர் உள்ளிட்ட பிற தரப்பினரையும் இந்தச் சீர்திருத்தத்தில் மெய்யாகவே ஈடுபடுத்துவது எப்படி?

பதில்:

மதிப்பிற்குரிய முதன்மையர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, அந்த மறுப்பு மனுவைவிட அதற்கு முன் நடந்தவற்றின் வரிசையே என் கவனத்தை ஈர்த்தது. ஆட்சிக் குழு சிக்கல் இன்னதென்று வரையறுத்தது. ஆலோசகர்கள் தீர்வை எழுதினர். கால வரம்பும் குறிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகுதான் ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் ஓர் ஆசிரியர் திட்டத்தை ஏற்கலாம், அல்லது மறுக்கலாம். அதைத் திருத்தி எழுதவோ, சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்று காட்டவோ அவருக்கு இடமில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். கல்லூரிக் கூட்டங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. அங்கே நிலவும் மௌனத்துக்கு, ‘இங்கே பேசிப் பயனில்லை, வேறிடத்தில் பார்த்துக்கொள்வோம்’ என்பதே வழக்கமான பொருள். உங்கள் ஆசிரியர்கள் பார்த்துக்கொண்ட இடம் அந்த மனு.

ஆசிரியர்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள் என்ற எண்ணம் நிர்வாகத்தில் இருப்போரிடையே எளிதாக வேரூன்றிவிடுகிறது. நான் அதை ஏற்பதில்லை. ஒரே பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தும் ஆசிரியர்கூட ஒவ்வோராண்டும் எதையாவது சேர்க்கிறார், எதையாவது விடுகிறார், சென்ற ஆண்டு மாணவர்களுக்குப் புரியாத இடத்தை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறார். தாமே கண்டறிந்த குறைக்குத் தாமே செய்துகொள்ளும் மாற்றத்துக்கு அவர் எவருடைய ஆணைக்கும் காத்திருப்பதில்லை. பிறர் கண்டறிந்ததாகச் சொல்லும் குறைக்குப் பிறர் எழுதிய மருந்தைத் தம் வகுப்பறையில் தாமே ஊட்ட வேண்டும் என்று சொல்லும்போதுதான் அவர் முரண்டு பிடிக்கிறார். அந்த இடத்தில் அவருக்குப் பதில் எந்தத் தொழில்வல்லுநர் இருந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வார்.

இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர். 1990-களின் தொடக்கத்தில், தம் விரிவுரைகளுக்கு மாணவர்களிடமிருந்து மிக நல்ல மதிப்பீடு பெற்றுக்கொண்டிருந்த அவர், விசை, இயக்கம் பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிய வினாத்தாளைத் தம் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளைச் செய்து முடிக்கும் மாணவர்கள் அந்த எளிய வினாக்களில் தடுமாறினர். இதற்கு நீங்கள் கற்பித்தபடி விடையெழுத வேண்டுமா, நான் வழக்கமாகச் சிந்திக்கும் விதத்தில் எழுத வேண்டுமா என்று ஒரு மாணவி கேட்டதாக அவரே பின்னர் பலமுறை கூறியிருக்கிறார். விரிவுரையைக் குறைத்து, வகுப்பிலேயே மாணவர்கள் ஒருவரோடொருவர் விவாதித்து விடை காணும் முறைக்கு அவர் மாறியது அதன் பிறகுதான். அவரை மாற்றுவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை. தம் மாணவர்களுக்குத் தாம் நினைத்த அளவு புரியவில்லை என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

ஆகவே என் முதல் ஆலோசனை, வரைவுத் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களிடமுள்ள விவரங்களை ஆசிரியர்களிடம் கொண்டு செல்லுங்கள் என்பதே. கல்லூரி அளவிலான தேர்ச்சி விழுக்காட்டை மேடையில் படம் போட்டுக் காட்டுவதை நான் குறிப்பிடவில்லை. அது எவருக்கும் தம்முடையதாகத் தோன்றாது. ஒவ்வொரு துறைக்கும் அதன் சொந்தப் பாடங்களின் விவரங்களைத் தனியே தொகுத்துக் கொடுங்கள். முதல் இடைத்தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் எத்தனை பேர் இறுதியில் தேறினர், எந்த வாரத்திலிருந்து வருகை குறைகிறது, முதல் பருவத்தில் தவறிய மாணவர் அடுத்த பருவத்தில் எந்தப் பாடத்தில் மீண்டும் தவறுகிறார், எந்த வினா வகையைப் பெரும்பாலோர் எழுதாமலே விட்டுவிடுகின்றனர் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை தரும் விவரங்களே ஆசிரியருக்குப் பேசும். அவற்றை விளக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். இதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று நீங்கள் கேட்கும்போது, ஆலோசகர்களின் அறிக்கையில் இடம்பெறாத காரணங்கள் வெளிவரக்கூடும்: ஆய்வக நேரமும் கணித வகுப்பும் ஒன்றையொன்று முட்டுவது, பள்ளியில் படிக்காத பகுதியைக் கல்லூரிப் பாடம் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்வது, சேர்க்கை தாமதமாவதால் முதல் மூன்று வாரப் பாடங்களைப் பலர் இழந்துவிடுவது என்று எதுவாகவும் இருக்கலாம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. தனித்தனி ஆசிரியரை ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் கருவியாக இந்த விவரங்கள் ஒரு முறை பயன்படுத்தப்பட்டாலும், அதன் பிறகு எவரும் உங்களிடம் உண்மை பேச மாட்டார்கள். விவரங்கள் பாட அளவில் இருக்கட்டும். பணி மதிப்பீட்டுக் கோப்பில் அவை இடம்பெறா என்று எழுத்துமூலம் உறுதி கொடுங்கள். அந்த உறுதியை ஆட்சிக் குழுவும் ஏற்றுக்கொண்டது என்பதைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது அதிகாரத்தைப் பற்றியது. இதை நாசூக்காகத் தவிர்த்துவிட்டு ஈடுபாட்டைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம், உயர்கல்வி நிறுவனங்களின் அமைப்பு, ஆட்சிக் குழுக்களின் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ஆவணமொன்று 1966-இல் வெளிவந்தது. பாடத்திட்டம், பாடப்பொருள், கற்பித்தல் முறை, ஆய்வு போன்றவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்றும், அவர்களுடைய முடிவை ஆட்சிக் குழுவோ தலைவரோ மறுப்பது அரிதான சூழலில் மட்டுமே நிகழ வேண்டும் என்றும், அப்போதும் காரணத்தை ஆசிரியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. உங்கள் கல்லூரியின் சட்டதிட்டங்கள் வேறாக இருக்கலாம். ஆனால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையை எந்தக் கல்லூரியும் கடைப்பிடிக்கலாம். அதற்கு விதித் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

நடைமுறையில் இதைச் செய்ய ஒரு பக்கத் தாள் போதும். ஏற்கெனவே முடிவான, மாற்ற இயலாத செய்திகள் எவை, உண்மையாகவே திறந்திருக்கும் கேள்விகள் எவை, ஆசிரியர்களின் முடிவே இறுதியானது என்று ஏற்கப்படும் பகுதிகள் எவை என்று அதில் பிரித்து எழுதுங்கள். முதலாண்டுத் தோல்வியைக் குறைக்க வேண்டும் என்பது முடிவானதாக இருக்கலாம். அதற்குத் தேர்வு முறையை மாற்றுவதா, அடிப்படைப் பாடம் ஒன்றைச் சேர்ப்பதா என்பது திறந்திருக்கலாம். ஒரு பாடத்தில் எந்த அலகுகள் இடம்பெற வேண்டும் என்பது துறையின் தனியுரிமையாக இருக்கலாம். திறந்த கேள்விகளின் பட்டியல் வெறுமையாக இருந்தால், கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தாமல் முடிவை நேரடியாக அறிவித்துவிடுவதே நேர்மையானது. கருத்துக் கேட்டுவிட்டுப் புறக்கணிப்பதைவிட அது குறைவான கசப்பையே தரும்.

நல்ல நோக்கமும் உறுதியான நிர்வாகமும் இருந்தாலே போதும் என்று கருதுவோர் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஈராண்டுக் கல்லூரிகளிலிருந்து நான்காண்டுக் கல்லூரிகளுக்கு மாறும் மாணவர்கள், தாங்கள் படித்து முடித்த பாடங்களுக்கு மதிப்பலகு (கிரெடிட்) கிடைக்காமல் அவதிப்பட்டனர். இது உண்மையான குறை. அதைத் தீர்ப்பதற்காக, எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான அடிப்படைப் பாடத் தொகுப்பொன்றை 2011-இல் ஆட்சிக் குழு தீர்மானமாக நிறைவேற்றியது. பாடத்திட்டத்தில் தங்கள் பொறுப்பு பறிக்கப்பட்டதாக ஆசிரியர் சங்கமும் ஆசிரியர் பேரவையும் நீதிமன்றம் சென்றன. 2013-இல் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்த முழுநேர ஆசிரியர்களில் 92 விழுக்காட்டினர் அத்திட்டத்தின்மேல் நம்பிக்கையில்லை என்றனர். நீதிமன்றம் ஆசிரியர் தரப்பை ஏற்கவில்லை. திட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும், மாணவர்களின் உண்மையான துயரத்தைப் பற்றிய பேச்சாகத் தொடங்கியது, யாருக்கு அதிகாரம் என்ற சண்டையாக மாறிப் பல ஆண்டுகளை விழுங்கிவிட்டது.

அதே பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய மற்றொரு திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஈராண்டுக் கல்லூரி மாணவர்கள் முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, அவர்களுக்குத் தனி வழிகாட்டி ஆலோசகர், கல்விக் கட்டணத்தில் துண்டு விழும் தொகை, பாடநூல் உதவி, பயண அட்டை ஆகியவற்றை அது வழங்கியது. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மேற்கொண்ட மதிப்பீட்டில், மூன்றாண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர் அத்திட்டத்தில் 40 விழுக்காடாகவும், வழக்கமான முறையில் 22 விழுக்காடாகவும் இருந்தனர். கவனியுங்கள், இது பாடப்பொருளைத் தொடவே இல்லை. நிர்வாகம் தன் கையிலிருந்தவற்றைச் சரிசெய்தது. சிறிய அளவில் தொடங்கியது. பலனை அளந்து காட்டிய பிறகு விரிவாக்கியது. உங்கள் வரைவிலும் ஆசிரியர்களின் சம்மதத்துக்குக் காத்திராமல் நிர்வாகமே செய்யக்கூடியவை பல இருக்கும். கால அட்டவணை முட்டல், சேர்க்கைத் தாமதம், வழிகாட்டி இல்லாமை போன்றவற்றை முதலில் சரிசெய்யுங்கள். தன் பங்கைச் செய்து முடித்த நிர்வாகம் பிறகு வந்து கேட்கும்போது அந்தக் கேள்விக்கு எடை கூடுகிறது.

இனி, மாற்றத்தை யாரோடு தொடங்குவது என்ற கேள்வி. தனித்தனி ஆர்வலர்களைத் திரட்டிப் பயிற்சிப் பட்டறை நடத்துவதே பெரும்பாலான கல்லூரிகளின் வழக்கம். ஆர்வலர்கள் திரும்பிச் சென்றதும் துறை அவர்களைப் பழைய தடத்துக்கு இழுத்துவிடும். அல்லது அவர்கள் ஓய்வு பெற்றதும் அந்தப் பாடம் பழையபடி ஆகிவிடும். இயற்பியலில் 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், அறிவியல் கற்பித்தலைச் சீர்திருத்துவதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கிய முயற்சி, தனி ஆசிரியரை விடுத்துத் துறையையே மாற்றத்தின் அலகாகக் கொண்டது. நிதி வேண்டும் துறைகள் தாங்களே திட்டம் எழுதிப் போட்டியிட வேண்டியிருந்தது. நிதி பெற்ற துறைகள் தங்கள் பாடத்திலேயே முனைவர் பட்டம் பெற்ற இளம் வல்லுநர்களைப் பணியில் அமர்த்தின. அவர்கள் ஒவ்வொரு பாடத்தின் ஆசிரியரோடும் அமர்ந்து, மாணவர் எதைச் செய்யக் கற்க வேண்டும் என்பதை வரையறுப்பது முதல் வகுப்புச் செயல்பாடுகளையும் வினாக்களையும் உருவாக்குவது வரை உடனிருந்து உழைத்தனர். ஆசிரியருக்குக் கிடைத்தது அறிவுரை மட்டுமாக இருக்கவில்லை, ஒரு துணையும் கிடைத்தது.

உங்களிடம் அவ்வளவு நிதி இராது என்பதை அறிவேன். ஆனால் அதன் அமைப்பிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, மூன்று பாடங்களையும் ஒரே நேரத்தில் மாற்றத் துணியாமல், தானே முன்வரும் ஒரு துறையோடு தொடங்குவது. இரண்டாவது, பாடத்தை மறுவடிவமைக்கும் ஆசிரியருக்கு அந்தப் பருவத்தில் ஒரு வகுப்புச் சுமையையாவது குறைப்பது. கற்பித்தலை மேம்படுத்தச் செலவிடும் நேரத்துக்குப் பதவி உயர்விலோ பணி மதிப்பீட்டிலோ எந்த மதிப்பும் தராத நிறுவனம், அதற்கு நேரம் ஒதுக்குமாறு ஆசிரியரைக் கேட்கும்போது, தன் நலனுக்கு மாறாக நடந்துகொள்ளும்படி அவரைக் கேட்கிறது. மாற்றத்துக்குப் பெருந்தடை ஆசிரியர்களின் மனப்பான்மையில் இல்லை, நிறுவனம் எதற்குப் பரிசளிக்கிறது என்பதில் இருக்கிறது என்று வீமன் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். உங்கள் ஆட்சிக் குழு இதைப் படித்துப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இந்தத் தடையை அகற்றும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

மனுவில் எழுதப்படாத அச்சங்களும் இருக்கக்கூடும். 2013-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத் தத்துவத் துறை, ஹார்வர்ட் பேராசிரியர் ஒருவரின் காணொலிப் பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து வெளிப்படையான கடிதமொன்றை வெளியிட்டது. அந்தக் கடிதம் தொழில்நுட்பத்தின் நிறைகுறைகளோடு நிற்கவில்லை. இந்தப் பாதை நாளடைவில் பேராசிரியர்களுக்கு மாற்றாகவும் துறைகளைக் கலைப்பதற்கு வழியாகவும் அமையும் என்ற கவலையை நேராகவே சொன்னது. அந்தத் துறை துணிந்து எழுதியதை, பல துறைகள் மனத்துக்குள் வைத்துக்கொண்டு ‘கல்வித் தரம் குறையும்’ என்ற பொதுச் சொல்லால் மூடிவிடுகின்றன. தரம் பற்றிய வாதத்துக்கு நீங்கள் எவ்வளவு விடை சொன்னாலும், அடியிலுள்ள கவலை தீராதவரை எதிர்ப்பும் தீராது. ஆகவே பணியிடங்கள் குறையுமா, பாட நேரம் வேறு துறைக்குப் போகுமா என்ற கேள்விகளை அவர்கள் எழுப்பும் முன் நீங்களே எடுத்து, உங்களால் எவ்வளவு உறுதி தர முடியுமோ அவ்வளவையும் தாருங்கள். தர முடியாததைத் தர முடியாது என்றே சொல்லிவிடுங்கள்.

மனுவில் கையெழுத்திட்டவர்களை என்ன செய்வது? அவர்களில் வாதம் மிகக் கூர்மையாக உள்ள இருவரைப் பாட மறுவடிவமைப்புக் குழுவில் உறுப்பினர்களாக்குங்கள். எதிர்ப்பாளரைக் குழுவில் சேர்த்து வாயை அடைக்கும் தந்திரமாக இது ஆகிவிடக் கூடாது. அவர்களது மாறுபட்ட கருத்து குழுவின் அறிக்கையில் அவர்கள் சொற்களிலேயே இடம்பெறும் என்ற விதியோடு சேர்க்க வேண்டும். திட்டம் எங்கே முறியும் என்பதை ஆதரவாளர்களைவிட அவர்கள் முன்கூட்டியே காண்பார்கள். எதையும் எக்காலத்திலும் ஏற்காதவர் ஓரிருவர் எந்தக் கல்லூரியிலும் உண்டு. அவர்களை இணங்கச் செய்வதற்காக மற்ற எல்லாருடைய நேரத்தையும் செலவிட வேண்டியதில்லை. பெரும்பான்மையான நடுநிலையாளர்கள் உங்களை அளப்பது, அந்த ஓரிருவரை நீங்கள் எவ்வளவு மரியாதையோடு நடத்துகிறீர்கள் என்பதை வைத்துத்தான்.

பகுதிநேர ஆசிரியர்கள் பட்டுக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் கேட்டது என்ன, கொடுத்தது என்ன என்று சற்று எண்ணிப் பாருங்கள். முதலாண்டுப் பாடங்களில் கணிசமான பகுதியை அவர்களே நடத்தும் நிலை பல நாடுகளில் உள்ளது. சீர்திருத்தம் வெல்வதும் தோற்பதும் அவர்கள் வகுப்பறைகளில்தான். ஆனால் அடுத்த பருவத்தில் பணி இருக்குமா என்று தெரியாதவர், வகுப்பு மணிக்கு மட்டுமே ஊதியம் பெறுபவர், ஊதியமில்லாத கூட்டத்தில் துறைத் தலைவரின் முன்னிலையில் மனந்திறந்து பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூட்ட நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் கூட்டுங்கள். துறைத் தலைவர்கள் இல்லாத அமர்வு ஒன்றையாவது வையுங்கள். முதலாண்டு மாணவர்கள் எந்த இடத்தில் திணறுகின்றனர் என்பதைப் பற்றிய மிகத் துல்லியமான தகவல் அந்த அமர்விலிருந்து வந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

மாணவர்களின் மௌனத்துக்கும் காரணம் ஏறத்தாழ அதுவே. தமக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர்கள் நிறைந்த அவையில், பழக்கமில்லாத நிர்வாகச் சொற்களில் எழுதப்பட்ட வரைவைப் பற்றி இரண்டு மாணவர்கள் என்னதான் சொல்வார்கள்? ஐரோப்பாவில் 29 நாடுகளின் அமைச்சர்கள் 1999-இல் கையெழுத்திட்ட பொலோன்யா அறிக்கையின் வழியே பட்டப் படிப்புகளின் அமைப்பே மாறியது; உயர்கல்வியைக் கட்டமைப்பதில் மாணவர்கள் திறமையும் ஈடுபாடும் கொண்ட பங்காளிகள் என்று 2001-இல் ப்ராக் நகரில் கூடிய அமைச்சர்கள் அறிவித்தனர். மேல்மட்டத்தில் அந்த ஏற்பு கிடைத்தபோதும், 2009-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா முழுவதும் மாணவர் போராட்டம் வெடித்தது. வியன்னா பல்கலைக்கழகத்தின் பெரிய விரிவுரை அரங்கையே அவர்கள் கைப்பற்றிக்கொண்டனர். புதிய பட்டப் படிப்புகள் நடைமுறைப்படுத்தப்பட்ட விதமும் நிதிப் பற்றாக்குறையும் அவர்களின் முக்கியக் குறைகள். அமைச்சர்களின் மேசையில் மாணவர் அமைப்புக்கு நாற்காலி இருந்தது; வகுப்பறையில் படும் பாட்டைச் சொல்ல அந்த ஒரு நாற்காலி போதவில்லை.

எனவே மாணவர்களிடம் தீர்வைக் கேட்காமல், அனுபவத்தைக் கேளுங்கள். முதல் பருவத்தில் எந்த வாரத்தில் இந்தப் பாடம் கைவிட்டுப் போனது என்று உணர்ந்தீர்கள், அப்போது யாரிடம் சென்றீர்கள், ஏன் செல்லவில்லை என்ற கேள்விகளுக்கு எந்த மாணவரும் விடை சொல்வார். தேறியவர்களிடம் மட்டும் கேட்டால் பாதிக் கதையே கிடைக்கும். தவறியவர்களிடமும், முடிந்தால் விலகிச் சென்றவர்களிடமும் கேட்க வேண்டும். குழுக்களில் அமரும் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி தேவை. ஸ்காட்லாந்தில் 2003 முதல் இயங்கிவரும் ஸ்பார்க்ஸ் என்ற அமைப்பு, மாணவப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி அளிப்பதையே தன் முக்கியப் பணிகளில் ஒன்றாகக் கொண்டிருக்கிறது.

மாணவர்களின் கருத்தை மதிப்பது என்பது அதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதாகாது. ஹார்வர்டின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் மேற்கொள்ளப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்த மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தபோதிலும், விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். சரளமான விரிவுரை புரிந்துவிட்டது போன்ற நிறைவைத் தருகிறது. தானே முயன்று தடுமாறுவது அதைத் தருவதில்லை. நீங்கள் கற்பித்தல் முறையை மாற்றினால், முதல் பருவத்தில் ஆசிரியர்களுக்கு மாணவர்கள் தரும் மதிப்பீடு சரியக்கூடும் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். புதிய முறையின் காரணத்தைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களுக்கு விளக்கச் செய்யுங்கள். முயற்சியில் ஈடுபட்ட ஆசிரியர்களின் அந்த ஆண்டு மதிப்பீடு அவர்களுக்குப் பாதகமாக எடுத்துக்கொள்ளப்படாது என்ற விதியையும் வையுங்கள். இந்தப் பாதுகாப்பு இல்லாமல் துணிந்து இறங்கிய ஆசிரியர் ஒருவர் அடிபட்டால், அடுத்தவர் இறங்க மாட்டார்.

பிற தரப்பினரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை அளிப்போரைக் கூட்டிப் பாடத்திட்டத்தில் என்ன சேர்க்கலாம் என்று கேட்டால், இன்று அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களின் பட்டியல் வரும். மாணவர் பட்டம் பெறுவதற்குள் அது பழையதாகிவிடும். சென்ற ஓராண்டில் பணிக்கு வந்த பட்டதாரிகள் எந்த வேலையில் தடுமாறினர் என்று கேளுங்கள். பயனுள்ள விடை கிடைக்கும். படிப்பை முடித்துச் சில ஆண்டுகளான முன்னாள் மாணவர்களிடம் பேசுவது பெரும்பாலும் அதைவிடப் பயன் தரும். எல்லாரும் மறந்துவிடும் தரப்பு ஒன்று உண்டு: தேர்வுப் பிரிவு, பதிவாளர் அலுவலகம், கால அட்டவணை தயாரிப்போர். தொடர் மதிப்பீட்டு முறை என்று அவையில் ஒரு வரியில் தீர்மானிப்பது, அவர்களுக்குப் பருவம் முழுவதும் நீளும் மதிப்பெண் பதிவு வேலை. அவர்களை முதல் கூட்டத்திலேயே அழையுங்கள். பல நல்ல திட்டங்கள் எதிர்ப்பால் சாவதில்லை, இத்தகைய அலுவலகங்களின் நடைமுறைச் சிக்கலில் மூச்சுத் திணறியே சாகின்றன.

கடைசியாக ஆட்சிக் குழு. நீங்கள் இரு தரப்புக்கும் நடுவில் நிற்பவர் என்பதால், கடினமான வேலை இங்கேதான் இருக்கிறது. மூன்றையும் ஓராண்டில் மாற்ற வேண்டும் என்ற கால வரம்பை அவர்கள் தளர்த்தாதவரை, நான் மேலே சொன்னவற்றில் பாதியைக்கூட உங்களால் செய்ய இயலாது. டெல்லி பல்கலைக்கழகம் 2013-இல் ஆசிரியர்களின் கடும் எதிர்ப்பை மீறி அவசரமாகக் கொண்டுவந்த நான்காண்டு இளநிலைப் படிப்பு, அடுத்த ஆண்டே பல்கலைக்கழக மானியக் குழுவின் உத்தரவால் கைவிடப்பட்டது. அரசியல் மாற்றம் உட்பட அதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், உள்ளேயிருந்து அதைத் தாங்கிப் பிடிக்க ஆசிரியர்களிடையே போதிய ஆதரவு இல்லை. வேகமாகச் செய்தால் காலம் மிச்சமாகும் என்ற கணக்கு உங்கள் குழுவினருக்கு இருக்குமானால், இந்த நிகழ்வை அவர்கள் முன் வையுங்கள். குறிக்கோளைக் கைவிடச் சொல்லாதீர்கள். முதலாண்டுத் தோல்வியைக் குறைப்பது என்ற குறிக்கோளை உறுதிசெய்து, வழிமுறையையும் கால அளவையும் திறந்து வைக்குமாறு கேளுங்கள். அதற்கு ஈடாக நீங்கள் அவர்களுக்குத் தரக்கூடியது, ஒரு துறையில் ஓராண்டு சோதனை முயற்சி, எதை அளப்போம், எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்த ஒப்பந்தம், பருவத்துக்கு ஒருமுறை நேரடி அறிக்கை ஆகியவை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுவதற்கு முன், வந்திருக்கும் மனுவுக்கு எழுத்துமூலம் விடை கொடுத்துவிடுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு கருத்தையும் அவர்களுடைய சொற்களிலேயே எடுத்தெழுதி, ஏற்கப்படுவது எது, ஆராயப்படுவது எது, ஏற்க இயலாதது எது, ஏன் என்று ஒவ்வொன்றின் கீழும் குறிப்பிடுங்கள். அந்த விடையை, கையெழுத்திட்டவர்களுக்கு மட்டுமின்றி, பகுதிநேர ஆசிரியர்கள், தேர்வுப் பிரிவினர், மாணவர் பிரதிநிதிகள் உட்பட எல்லாருக்கும் அனுப்புங்கள். ஆலோசகர்களின் வரைவு, பலவற்றுள் ஒரு முன்மொழிவாக மட்டும் கருதப்படும் என்பதையும் அதிலேயே தெரிவித்துவிட்டு, எந்தத் துறை முதலில் தன் பாட விவரங்களைப் பார்க்க விரும்புகிறது என்று கேளுங்கள்.